கோலாலம்பூர் குடும்பப் பயணம்: பேக்கேஜா, நாமே பதிவு செய்வதா?

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் மஹல்லா வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. "4 இரவு 5 பகல் கோலாலம்பூர், ஹலால் உணவுடன்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே சின்ன எழுத்தில் ஒரு தொகையும், அதன் அருகில் 'முதல்' என்ற சொல்லும் இருக்கும். அதைப் பார்த்த பலர், "இதில் போகலாமா, அல்லது டிக்கெட்டையும் ஹோட்டலையும் நாமே எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்கள். கூடவே, "தொழுகை எப்படி? சாப்பாடு எப்படி? தவணையில் கட்டினால் கூடுமா?" என்ற மார்க்கக் கேள்விகளும் வருகின்றன.

குடும்பத்தோடு வெளியூர் செல்வது மார்க்கம் தடுத்த காரியமல்ல. வருடம் முழுவதும் வீட்டுக்காக உழைக்கும் மனைவிக்கும், படிக்கும் பிள்ளைகளுக்கும், வயதான உம்மாவுக்கும் சில நாட்கள் மகிழ்ச்சி தருவது நல்லெண்ணத்தோடு செய்தால் நன்மையான செயலே. ஆனால் பல மாதச் சேமிப்பு இதில் செலவாகிறது. அந்தப் பணம் ஏமாற்றத்திலோ, வட்டியிலோ, பாழான தொழுகையிலோ போய் முடியக்கூடாது. எனவே நம் மக்கள் அதிகம் செல்லும் கோலாலம்பூரை முன்வைத்து இந்த இரண்டு வழிகளையும் அலசுவோம். மற்ற நகரங்களுக்கும் இதே அளவுகோல்களைப் பயன்படுத்தலாம்.

கோலாலம்பூர் எவ்வளவு எளிது?

எந்த வழி நல்லது என்பது முதலில் ஊரைப் பொறுத்தது. மொழி தெரியாத, விசா கடினமான, ஹலால் உணவு அரிதான ஊருக்குப் பேக்கேஜின் தேவை அதிகம். கோலாலம்பூர் அப்படிப்பட்ட ஊரல்ல.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா 30 நாட்கள் வரை விசா இல்லாத நுழைவை அனுமதித்து வருகிறது. இது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆகவே பேக்கேஜில் 'விசா கட்டணம்' என்று ஒரு வரி இருந்தால், "எந்த விசா?" என்று கேட்பது நம் உரிமை. வருகை அட்டைக்குப் பணம் கேட்கும் இணையதளங்களையும் நம்ப வேண்டாம்.

சென்னை, திருச்சி இரண்டிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. பயண நேரம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. விமான நிலையம் நகரிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தாலும், அங்கிருந்து விரைவு ரயில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் நகரின் மைய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் இறங்கலாம். ஐந்து பேர் பெட்டிகளோடு போகும்போது ரயிலைவிட 'கிராப்' செயலியில் பெரிய வண்டி எடுப்பது பெரும்பாலும் மலிவாக இருக்கும். நகருக்குள் எல்.ஆர்.டி., மோனோரயில் வசதி இருக்கிறது. மஸ்ஜித் ஜாமிக், இரட்டைக் கோபுரம், பசார் செனி ஆகிய இடங்களுக்கு ஒரே எல்.ஆர்.டி. தடத்தில் சென்று வரலாம்.

தமிழும் கைகொடுக்கும். மஸ்ஜித் இந்தியா பகுதியில் தமிழ் முஸ்லிம்களின் கடைகளும் உணவகங்களும் நிறைய உள்ளன. அந்தப் பள்ளிவாசலை 1863ல் நிறுவியவர்களும் தமிழ்நாட்டிலிருந்து போன முஸ்லிம்களே. ரொட்டி சானாயும் நாசி கண்டாரும் விற்கும் மாமாக் கடைகள் இரவிலும் திறந்திருக்கும்.

பேக்கேஜ் என்றால் என்ன வாங்குகிறோம்?

பேக்கேஜ் என்பது விமானம், தங்குமிடம், வண்டி, சுற்றிப்பார்த்தல், சில வேளை உணவு ஆகியவற்றை ஒரே விலையில் சேர்த்து விற்பது. விமானத்தை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் தருவதை 'லேண்ட் பேக்கேஜ்' என்கிறார்கள்.

இதன் பெரிய நன்மை, பொறுப்பேற்க ஒருவர் இருப்பது. விமானம் தாமதமானால் வண்டிக்காரருக்குச் சொல்வது, ஹோட்டலில் அறை இல்லை என்றால் மாற்று அறை பார்ப்பது, நோய் வந்தால் மருத்துவமனைக்கு அழைத்துப் போவது எல்லாம் அவர் வேலை. முதன்முறை வெளிநாடு போகிறவர்களுக்கும், முதியவர்களோடு போகிறவர்களுக்கும், ஆங்கிலமும் செயலிகளும் பழகாதவர்களுக்கும் இது சின்ன விஷயமல்ல.

குறை என்னவென்றால், நம் நேரம் நம் கையில் இருக்காது. காலை 9 மணிக்கு வண்டி என்றால் 9 மணிக்கு ஏற வேண்டும். சாக்லேட் கடை, பாத்திக் துணிக்கடை, தோல்பொருள் கடை என்று நிறுத்தி நிறுத்திப் போகும் 'சிட்டி டூர்'களும் உண்டு. இப்படிப்பட்ட கடைகளில் விற்பனைக்கேற்ப வழிகாட்டிக்குக் கமிஷன் கிடைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அரை நாள் சுற்றுலாவில் இரண்டு மணி நேரம் கடைகளில் கழிந்தால், அதற்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கொடுத்திருக்கிறோம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

விலைகள் நாளுக்கு நாள் மாறும். ஆகவே கீழே உள்ள எண்களைச் சந்தை விலையாகக் கொள்ளாமல், கணக்குப் போடும் முறைக்கான எடுத்துக்காட்டாக மட்டும் கொள்ளுங்கள். கணவன், மனைவி, உம்மா, 12 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 4 இரவு என்று வைத்துக்கொள்வோம்.

பேக்கேஜ்: பெரியவர் மூவருக்குத் தலா 50,000, பிள்ளைகள் இருவருக்குத் தலா 40,000. மொத்தம் 2,30,000 ரூபாய். இதன் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. 11,500. பேக்கேஜில் சேராத மதிய உணவு, நுழைவுச் சீட்டுகள், ஓட்டுநருக்கான அன்பளிப்பு என்று 20,000. ஆக 2,61,500 ரூபாய்.

நாமே பதிவு செய்தால்: பெட்டிக்கான கட்டணத்தோடு விமானம் ஐவருக்கு 1,10,000. இரண்டு அறை, 4 இரவு, அறைக்கு 5,000 வீதம் 40,000. வண்டி, ரயில் 15,000. நுழைவுச் சீட்டுகள் 25,000. உணவு 30,000. ஆக 2,20,000 ரூபாய்.

வித்தியாசம் 41,500. "எது மலிவு?" என்பதோடு கேள்வி முடிவதில்லை. "இந்த 41,500 ரூபாய்க்கு நமக்கு என்ன கிடைக்கிறது?" என்று கேட்க வேண்டும். உம்மாவுக்கு முழங்கால் வலி, எல்லா இடத்துக்கும் வாசல்வரை வண்டி வேண்டும் என்றால் அந்தத் தொகை வீணல்ல. கணவனும் மனைவியும் இளையவர்கள், செயலிகளைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் என்றால் அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு நாள் தங்கலாம். சில சமயம் குழுவாக மொத்தமாய் இருக்கை வாங்கும் ஏஜென்ட், நம்மால் பெற முடியாத விலையைத் தருவதும் உண்டு. ஆகவே பழக்கத்தை வைத்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு முறையும் இரண்டு கணக்கையும் எழுதிப் பாருங்கள்.

கணக்கில் விடுபடும் செலவுகள்

முதலாவது, டி.சி.எஸ். வரி. வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் விற்பவர் நம்மிடம் இந்த வரியைப் பிடித்து, நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். வெறும் விமான டிக்கெட்டோ, வெறும் ஹோட்டல் அறையோ தனியாக வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது. இந்த வரி முற்றிலும் இழப்பல்ல. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால், பணம் கட்டும் நாளில் எத்தனை சதவீதம் என்று கேட்டு, பிடித்ததற்கான சான்றையும் வாங்குங்கள். கணக்குத் தாக்கல் செய்யாதவருக்கு அந்தப் பணம் தானாகத் திரும்பி வராது.

இரண்டாவது, மலேசியாவின் சுற்றுலா வரி. வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் கட்ட வேண்டும். இரண்டு அறை, 4 இரவு என்றால் 80 ரிங்கிட். பெரும்பாலும் ஹோட்டல் கவுண்டரில்தான் கேட்பார்கள்.

மூன்றாவது, பெட்டி. மலிவு விமானங்களில் கையில் கொண்டுபோகும் 7 கிலோ மட்டும் இலவசம் என்பதே பொதுவான நிலை. மற்றப் பெட்டிகளுக்கு முன்கூட்டியே பணம் கட்டினால் குறைவு, விமான நிலையத்தில் கட்டினால் அதிகம்.

நான்காவது, நேரம். நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானம் விடியற்காலையில் இறங்கும். ஹோட்டல் அறையோ மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். அந்த இடைவெளியில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளும் உம்மாவும் எங்கே இருப்பார்கள்? பேக்கேஜ் என்றால் ஏஜென்டிடமும், நாமே பதிவு செய்தால் ஹோட்டலிடமும் இதை முன்பே பேசி வைக்க வேண்டும்.

தொழுகையும் பயணத் திட்டமும்

கோலாலம்பூரில் லுஹர் வருடம் முழுவதும் ஏறத்தாழ மதியம் 1 மணிக்கும் 1.30க்கும் இடையிலும், மஃரிப் ஏறத்தாழ இரவு 7 மணிக்கும் 7.35க்கும் இடையிலும் வருகிறது. சுற்றுலா வண்டி எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று பயண நிரலில் பார்த்து, "அஸரும் மஃரிபும் எங்கே தொழுவோம்?" என்று ஏஜென்டிடம் கேளுங்கள். நல்ல ஏஜென்ட் உடனே பதில் சொல்வார். "அதெல்லாம் அங்கே பார்த்துக்கலாம்" என்பது பதிலல்ல.

தனியாகப் போகிறவர்களுக்கு இந்த ஊரில் தொழுகை எளிது. வணிக வளாகங்களிலும் நெடுஞ்சாலை நிறுத்தங்களிலும் 'சூராவ்' எனப்படும் தொழுகை அறைகள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக உண்டு. ஹோட்டல் அறையின் கூரையிலோ இழுப்பறையிலோ கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி இருக்கும்.

கஸ்ரு பற்றிய கேள்விக்கு வருவோம். ஷாஃபிஈ மத்ஹபின்படி, வந்து சேரும் நாளையும் புறப்படும் நாளையும் தவிர்த்து முழுமையாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்தால், அங்கு சேர்ந்ததிலிருந்தே முழுமையாகத் தொழ வேண்டும். 4 இரவு 5 பகல் பயணத்தில் இடையில் இருப்பது மூன்று முழு நாட்களே. ஆகவே நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கியும், லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். அங்கே இன்னும் ஓர் இரவு கூட்டினால் சட்டம் மாறிவிடும் என்பதைக் கவனியுங்கள். ஹனஃபி மத்ஹபின்படி 15 நாட்களுக்குக் குறைவாகத் தங்குபவர் கஸ்ரு செய்வார். ஆனால் சேர்த்துத் தொழுவது ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டுமே. எனவே ஹனஃபி குடும்பத்தினர் ஒவ்வொரு வக்துக்கும் இடம் பார்த்துத் திட்டமிட வேண்டும். அவர்களுக்கு நேரம் தம் கையில் இருக்கும் பயணமே வசதி.

'ஹலால் உணவுடன்' என்றால்?

மலேசியாவில் ஹலால் சான்றிதழை 'ஜாக்கிம்' எனும் அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை வழங்குகிறது. முஸ்லிம்கள் நடத்தும் பல சிறு கடைகளில் அந்தச் சான்றிதழ் இருக்காது. அதனால் மட்டும் அவை ஹலால் அல்ல என்றாகாது. மறுபுறம், 'பன்றி இறைச்சி இல்லை' என்ற பலகை ஹலால் சான்று ஆகாது. அறுத்த முறை பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

பேக்கேஜ்களில் 'இந்திய இரவு உணவு' என்று போட்டிருந்தால் எந்த உணவகம் என்று கேளுங்கள். எல்லா இந்திய உணவகங்களும் முஸ்லிம்கள் நடத்துவதல்ல. பெயர் தெரிந்தால் நாமே விசாரித்துக்கொள்ளலாம். ஹோட்டல் காலை உணவுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

நிரலில் உள்ள இடங்கள்

கோலாலம்பூர் பேக்கேஜ்கள் பெரும்பாலானவற்றில் கெந்திங் மலையும் பத்து மலையும் இடம்பெறும். கெந்திங், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த இடம். கேபிள் காரும் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பூங்காவும் உள்ளன. மலேசியாவின் ஒரே சட்டபூர்வச் சூதாட்ட விடுதியும் அங்கேதான் இருக்கிறது. முஸ்லிம்கள் அதனுள் நுழைவதை அந்நாட்டுச் சட்டமே தடுக்கிறது. பூங்காவுக்கு மட்டும் போய் வருவதா, அந்த வளாகமே வேண்டாமா என்பதைக் குடும்பம் முன்பே பேசி முடிவு செய்யட்டும். பத்து மலை இந்துச் சகோதரர்களின் வழிபாட்டுத் தலம். அதற்குரிய மரியாதையோடு, அந்த நேரத்தை வேறு இடத்துக்கு மாற்றித் தரும்படி ஏஜென்டிடம் கேட்கலாம்.

மாற்றிக் கேட்க இடங்களுக்குப் பஞ்சமில்லை. 1965ல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசல், அதன் அருகிலேயே 1998ல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம், நடக்கும் தொலைவில் பறவைப் பூங்கா என்று ஒரு முழு நாளை ஒரே பகுதியில் கழிக்கலாம். இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் 1909ல் திறக்கப்பட்ட மஸ்ஜித் ஜாமிக், புத்ராஜெயாவில் ஏரிக்கரையில் நிற்கும் இளஞ்சிவப்புப் புத்ரா பள்ளிவாசல் ஆகியவையும் உண்டு. 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தில் மேலே ஏற நுழைவுச் சீட்டு வேண்டும். பல பேக்கேஜ்களில் 'போட்டோ நிறுத்தம்' என்றால் வெளியே நின்று படம் எடுப்பது மட்டுமே என்பதை அறிந்து கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் மார்க்கம் சொல்வது

பேக்கேஜ் என்பது ஓர் ஒப்பந்தம். கொடுக்கும் பணமும் பெறும் சேவையும் இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை. 'மூன்று நட்சத்திர ஹோட்டல் அல்லது அதற்கு நிகரானது' என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் தெளிவின்மை இருக்கிறது. ஹோட்டலின் பெயரைக் கேளுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. "நம்ம ஜமாஅத்துக்காரர்தானே, எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பார்" என்று கூச்சப்படத் தேவையில்லை. உறவு கெடாமல் இருக்கத்தான் எழுத்து.

முன்பணம் பற்றியும் சொல்ல வேண்டும். பயணத்தை ரத்துச் செய்தால் முன்பணத்தை விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையை ஹன்பலி மத்ஹப் அனுமதிக்கிறது. மற்ற மூன்று மத்ஹபுகளிலும் பெரும்பான்மையோர் அனுமதிப்பதில்லை. எனவே எந்தத் தேதிக்குள் ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பேசித் தீர்ப்பதே பேணுதலான வழி. ஏஜென்டும் விமான நிறுவனத்துக்கு உண்மையில் இழந்த தொகையை மட்டும் கழித்துக்கொள்வது அவருக்கு அழகு.

தவணை விஷயத்தில், வங்கியோ நிதி நிறுவனமோ கடன் கொடுத்து வட்டி வாங்கினால், அதற்கு என்ன பெயர் சூட்டினாலும் அது வட்டிதான். ஏஜென்ட் தாமே, மொத்த விலையை முதலிலேயே முடிவு செய்து, தாமதத்துக்கு அபராதம் கூட்டாமல் தவணையில் வாங்கிக்கொண்டால் அது பெரும்பாலான அறிஞர்களிடம் ஆகுமானது. ஓய்வுப் பயணம் அவசியத் தேவையல்ல. அதற்காக வட்டிக் கடனில் இறங்குவதற்கு எந்த நிர்ப்பந்தமும் கிடையாது. இந்த வருடம் பணம் சேரவில்லை என்றால் அடுத்த வருடம் போகலாம்.

நாமே பதிவு செய்யும்போது இதே எச்சரிக்கை வேறு வடிவில் வரும். விமானமும் ஹோட்டலும் தனித்தனி ஒப்பந்தங்கள். விமானம் ரத்தானால் ஹோட்டல் பணம் தானாகத் திரும்பாது. சற்று விலை கூடினாலும் இலவச ரத்து வசதியுள்ள அறையை எடுப்பது நல்லது. கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். கடவுச்சீட்டுக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு ஆகியவற்றின் பிரதிகளைக் குடிநுழைவு அதிகாரி கேட்கலாம் என்பதால் கையில் வைத்திருங்கள்.

ஏஜென்டிடம் கேட்க வேண்டியவை

1. ஜி.எஸ்.டி. எண்ணுடன் ரசீது தருவாரா? அந்த எண்ணை அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் நாமே சரிபார்க்கலாம்.
2. விமானத்தின் பெயர், நேரம், பெட்டியின் எடை என்ன?
3. ஹோட்டலின் பெயர் என்ன? மூன்று பேருக்கு ஓர் அறை என்றால் மூன்றாவது கட்டில் தனியா, மடிப்புக் கட்டிலா? பெண் பிள்ளைகளோடு பாட்டிக்குத் தனி அறை கிடைக்குமா?
4. எந்த வேளை உணவு, எந்த உணவகத்தில்?
5. வண்டி நமக்கு மட்டுமா, பிறரோடு சேர்ந்தா?
6. எந்த நுழைவுச் சீட்டுகள் விலையில் அடங்கும்?
7. அங்கே பிரச்சினை என்றால் யாரை அழைப்பது?
8. ரத்துச் செய்தால் எப்போது, எவ்வளவு திரும்பும்?

பதில்களை வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுத்தில் வாங்குங்கள். பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். தனிநபர் கணக்குக்கோ கையிலோ கொடுக்க வேண்டாம். சொன்னது நடக்காமல் பேசியும் தீராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் முறையிடலாம்.

யாருக்கு எது?

முதன்முறை வெளிநாடு செல்பவர்கள், முதியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள குடும்பங்கள், பல குடும்பங்கள் சேர்ந்து போகும் குழுக்கள் ஆகியோருக்கு, மேற்சொன்ன கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் தரும் ஏஜென்டின் பேக்கேஜ் ஏற்றது. ஏற்கெனவே பயணித்தவர்கள், அங்கே உறவினர் உள்ளவர்கள், தொழுகை நேரத்தை மையமாக வைத்து நாளை அமைக்க விரும்புபவர்கள் தாமே பதிவு செய்யலாம்.

இரண்டுக்கும் நடுவிலும் ஒரு வழி உண்டு. விமானமும் ஹோட்டலும் நாம் எடுத்துக்கொண்டு, விமான நிலைய வண்டி, புத்ராஜெயா அல்லது மலாக்கா பயணம் போன்ற ஓரிரு நாட்களுக்கு மட்டும் ஓட்டுநருடன் வண்டியை அமர்த்துவது. கோலாலம்பூர் போன்ற எளிய ஊருக்கு, உம்மாவும் பிள்ளைகளும் கூட வரும் குடும்பங்களுக்கு இதுவே பெரும்பாலும் பொருத்தமாக அமையும்.

முடிவெடுக்கும் முன் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து மஷூரா செய்யுங்கள். உம்மாவால் எவ்வளவு தூரம் நடக்க முடியும், பிள்ளைகள் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், மனைவிக்கு எந்த அளவு ஓய்வு வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் வாயாலேயே கேட்டால்தான் தெரியும். பிறகு இஸ்திகாரா செய்து, அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டிப் புறப்படுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்திலும் பயணங்களிலும் பரக்கத் செய்து, சென்றவர்கள் அனைவரும் ஈமானோடும் நலமோடும் வீடு திரும்ப அருள்புரிவானாக! ஆமீன்.